கட்டர் மெசினுக்குப் பொருந்தாவிட்டால்: ஷாங்க்கைக் கடையுமுன் பார்க்க வேண்டியவை

யாழ்ப்பாணத்தில் வீட்டில் சின்ன மில்லிங் மெசின் வைத்திருக்கும் ஒருவரின் கட்டர்ப் பெட்டியைத் திறந்தால், அவருடைய சொந்தக்காரர் எந்தெந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். கனடாவிலிருந்து சூட்கேசுக்குள் வந்து சேர்ந்தவை அரை அங்குல ஷாங்க் (மெசின் பிடிக்கிற, பல்லில்லாத வால்பகுதி). ஜேர்மனி, சுவிஸ் பக்கத்திலிருந்து வந்தவை 10, 12 மி.மீ. பழைய இரும்புக் கடையில் நிறுத்து வாங்கியவை வாலில் புரி வெட்டிய இங்கிலாந்துக் கட்டர்கள். இவற்றுக்கு நடுவில் நிற்கிற மெசின் பெரும்பாலும் சீனத்து எக்ஸ்-2 வகை. ஸ்பிண்டிலில் (கட்டரைச் சுற்றும் தண்டில்) ஆர்-8 அல்லது எம்.ரீ.3 (மோர்ஸ் ரேப்பர் 3) என்ற ரேப்பர், அதாவது ஒடுங்கிப் போகும் சாய்வுத் துளை. பெட்டியில் அரைவாசி பொருந்தாது. உடனே வருகிற யோசனை: ஷாங்க்கைக் கடைந்து சின்னதாக்கினால் என்ன?

பெரும்பாலும் தேவையில்லை. ஒரு கட்டரில் பல் தேயும், முனை உடையும், தீட்டத் தீட்ட விட்டம் குறையும். மாறாமல் நிற்பது ஷாங்க் மட்டும்தான். பற்களின் நடுவும் ஷாங்க்கின் நடுவும் ஒரே கோட்டில் வரும்படி தீட்டித்தான் தொழிற்சாலையில் அனுப்புகிறார்கள். அந்தக் கோட்டை ஒருமுறை குழப்பினால் திருப்பி எடுப்பது வீட்டுப் பட்டறையில் ஏலாத வேலை. ஆகவே முதலில் துப்புரவு, பிறகு கொலற் (ஷாங்க்கைச் சுற்றிச் சுருங்கிப் பிடிக்கும் பிளவுள்ள குழல்), பிறகு ஸ்லீவ் (இடைவெளியை நிரப்பும் குழாய்த்துண்டு). ஷாங்க் கடைசி. அதையும் தொடத்தான் வேண்டும் என்றால் எப்படித் தொடுவது என்பதும் கீழே இருக்கிறது.

தொடுமுன்: ஷாங்க் மெதுவானதா, கடினமானதா?

எந்தக் குறிக்கும் மருந்து தேடுமுன் இது தெரிய வேண்டும். புதிதாக உள்ள, பல் தேயாத அரம் ஒன்றை எடுத்து ஷாங்க்கின் வால் நுனியில், கொலற் பிடிக்காத விளிம்பில், ஒரு தரம் இழுத்துப் பாருங்கள். அரம் கடித்துத் தூள் எடுத்தால் மெதுவான உருக்கு. லேத்திலே (கடைசல் மெசினிலே) சாதாரண ரூலால், அதாவது வெட்டும் கத்தியால், கடையலாம். கண்ணாடியில் போட்டதுபோல் வழுக்கிக்கொண்டு போனால் கடினப்படுத்திய உருக்கு; அதைத் தீட்டத்தான் முடியும்.

பெரிய ட்றில்களில் பற்கள் ஹைஸ்பீட் உருக்காகவும் (சூட்டைத் தாங்கும் கடின உருக்கு) ஷாங்க் சாதாரண உருக்காகவும் இருப்பது வழக்கம். இரண்டையும் உராய்வு வெல்டிங்கில் ஒட்டியிருப்பார்கள். பல் முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் பின்னால் ஒரு மங்கலான வளையம், அல்லது நிறம் மாறுகிற கோடு தெரிந்தால் அதுதான் ஒட்டு. கோட்டுக்குப் பின்னால் உள்ள பகுதி நமக்கு வசதியானது. சின்ன என்ட் மில்கள் (நுனியாலும் பக்கத்தாலும் வெட்டும் மில்லிங் கட்டர்கள்) முழுவதும் ஹைஸ்பீட்டாகவே இருக்கும். ஷாங்க் வரை கடினம்.

அரத்தில் சந்தேகம் என்றால் சாணைக்கல்லில் வால் நுனியை லேசாகத் தொட்டுப் பொறியைப் பாருங்கள். சாதாரண கார்பன் உருக்கு வெளிர் மஞ்சளாகப் பூப்பூவாக வெடிக்கும். ஹைஸ்பீட் மங்கிய சிவப்பாக, அறுந்து அறுந்து, வெடிப்பில்லாமல் வரும். காபைட் (உருக்கை விடக் கடினமான கட்டர்ப் பொருள்) என்றால் பொறியே வராத குறை. காபைட்டைச் சாதாரணக் கல்லில் மேலும் தேய்க்க வேண்டாம். வைரக் கல் மட்டும்தான் அதை வெட்டும். கல் வீணாவதோடு, அந்தத் தூளில் உள்ள கோபால்ட் நெஞ்சுக்குக் கூடாது.

இன்னொன்று. ஹைஸ்பீட்டைக் காஸ் விளக்கால் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மெதுவாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. ஆகாது. அதற்கு 850 பாகைக்கு மேல் சூடாக்கி, மணிக்கணக்காகப் படிப்படியாக ஆற்றும் உலை வேண்டும். காற்றில் ஆறினாலே கடினமாகிற உருக்கு அது.

ஷாங்க் கொலற்றுக்குள் நுழையவில்லை

முதலில் ஷாங்க்கை விரல் நகத்தால் சுற்றித் தடவுங்கள். எப்போதாவது ட்றில் சக்கில் போட்டு அது வழுக்கிச் சுற்றியிருந்தால், தாடை பட்ட இடத்தில் ஒரு வரம்பு எழும்பியிருக்கும். அந்தச் சின்னப் பிசிறே நுழைய விடாது. எண்ணெய் தடவிய மெல்லிய சாணைக்கல்லால் மேடான இடத்தை மட்டும் கையால் தேயுங்கள். மோட்டரில் சுற்றவிட்டு எமரிப் பேப்பர் பிடிப்பது கூடாது. மேடும் தேயும், நல்ல இடமும் தேயும், உருளை வடிவமே கெட்டுவிடும்.

பிசிறு இல்லை, அளவே பெரிது என்றால் மைக்குறோமீற்றரில் அளந்து பாருங்கள். 6.35, 9.525, 12.7, 15.875, 19.05 என்று வந்தால் அவை முறையே கால், 3/8, அரை, 5/8, முக்கால் அங்குல ஷாங்க்குகள். இங்கேதான் கனபேர் அவசரப்பட்டு லேத்துக்கு ஓடுகிறார்கள். உங்களிடம் ஈ.ஆர். கொலற் சக் (பல அளவுக் கொலற்றுகளை மாற்றி மாற்றி நட்டால் இறுக்கும் பிடி) இருந்தால் ஓடவே தேவையில்லை. ஈ.ஆர்.16 இலிருந்து மேலே, வழக்கமான கொலற் ஒவ்வொன்றும் தன் அளவிலிருந்து 1 மி.மீ. வரை சுருங்கிப் பிடிக்கும். 7 என்று அடித்த கொலற் 6.35 ஐப் பிடிக்கும். 10 உள்ளது 9.525 ஐ, 13 உள்ளது 12.7 ஐ, 16 உள்ளது 15.875 ஐ, 20 உள்ளது 19.05 ஐ. ஈ.ஆர்.20 வரிசை 13 வரை, ஈ.ஆர்.25 வரிசை 16 வரை, ஈ.ஆர்.32 வரிசை 20 வரை போகும். அரை அங்குலக் கட்டர் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது, 12 மி.மீ. கொலற் மட்டும்தான் இருக்கிறது என்றால் வாங்க வேண்டியது ஒரேயொரு 13 மி.மீ. கொலற். ஒரு கட்டர் கடையக் கொடுக்கும் கூலியை விட அது மலிவு.

திருப்பிச் செய்யாதீர்கள். 12 மி.மீ. கொலற்றை விரித்து 12.7 ஐ அடித்து ஏற்றினால் கொலற் அதோடு சரி. ஒன்றும் போடாமல் வெறும் கொலற்றை இறுக்குவதும் அதே கதிதான்.

ஸ்பிண்டிலுக்குள் நேரடியாகப் போகிற ஆர்-8, எம்.ரீ.3 கொலற்றுகளுக்கு இந்த இளக்கம் கிடையாது. அவை அடித்த அளவை மட்டும் பிடிக்கும். அங்குலக் கட்டருக்கு அங்குலக் கொலற், மி.மீ. கட்டருக்கு மி.மீ. கொலற்.

சின்ன ஷாங்க், பெரிய துளை: ஸ்லீவ் செய்வது

3/8 அங்குல ஷாங்க்கை 12 மி.மீ. துளைக்குள் நிறுத்த வேண்டும் என்று வைப்போம். சுவர் தடிப்பு 1.2 மி.மீ. சொச்சம் வரும். மைல்ட் ஸ்ரீல் அல்லது பித்தளை போதும். ஷாங்க்கைத் தொடுவதை விட ஸ்லீவ் கடைவது எப்போதும் சுகம், பிழைத்தால் எறிந்துவிட்டு இன்னொன்று கடையலாம்.

செய்முறையில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு: உள்துளையும் வெளிவிட்டமும் ஒரே பிடிப்பில் முடிய வேண்டும். 16 மி.மீ. கம்பியைச் சக்கில் இறுக்கி, முகம் வெட்டி, சென்ரர் போட்டு, 9.2 ட்றிலால் துளைத்து, றீமர் அல்லது போறிங் ரூலால் (துளையை அளவுக்குப் பெருப்பிக்கும் கருவிகள்) ஷாங்க் அளவுக்குக் கொண்டுவாருங்கள். சக்கை அவிழ்க்காமல் அப்படியே வெளியை 11.99 அளவுக்கு இறக்குங்கள். பிறகு வெட்டி எடுங்கள். இடையில் கழற்றித் திருப்பிப் போட்டீர்கள் என்றால், சக்கில் எவ்வளவு ஆட்டம் இருக்கிறதோ அவ்வளவும் ஸ்லீவுக்குள் வந்து குடியிருக்கும்.

கொலற்றில் பாவிக்கும் ஸ்லீவுக்கு நீளவாக்கில் முழுதாக ஒரு பிளவு வெட்டுங்கள், இல்லாவிட்டால் அது சுருங்காது. பிளவின் உள்விளிம்புப் பிசிறை மெல்லிய அரத்தால் எடுக்க மறக்க வேண்டாம். பக்கவாட்டிலிருந்து ஸ்குரூ இறுக்கும் ஹோல்டருக்கு என்றால் பிளவு வேண்டாம். ஸ்குரூ நுழைந்து ஷாங்க்கைத் தொட ஒரு துளை போதும்.

வெட்டும்போது கட்டர் தானாகக் கீழே இறங்குகிறது

காடி வெட்டத் தொடங்கும்போது 2 மி.மீ. ஆழம், முடியும்போது இரண்டரை. அலுமினியத்தில் இது அடிக்கடி வரும். வலது முறுக்குப் பல் உள்ள கட்டர் தன்னைத்தானே வேலைத்துண்டுக்குள் இழுத்துக்கொள்ளும். பிடி தளர்ந்தால் அந்த இழுவை வெல்லும். சிலர் இதற்கும் ஷாங்க்கைத்தான் குறை சொல்வார்கள்.

பார்க்க வேண்டிய ஒழுங்கு இது. ஷாங்க்கிலும் கொலற்றுக்குள்ளும் எண்ணெய் இருக்கிறதா? தின்னரில் நனைத்த துணியால் இரண்டையும் துடையுங்கள். புரியிலும் கொலற்றின் வெளிச்சாய்விலும் ஒரு பொட்டு எண்ணெய் இருக்கலாம், உள்ளே இருக்கக் கூடாது. அடுத்தது, கொலற்றை முதலில் நட்டுக்குள் சரித்து, "டிக்" என்று விழுத்திய பிறகா சக்கில் பூட்டினீர்கள்? கொலற்றைச் சக்கில் வைத்து நட்டை மேலால் திருகினால் அது சரியாக உட்காராது, பிடிக்கவும் மாட்டாது, கழற்றும்போது வெளியே வரவும் மாட்டாது. புதிதாக ஈ.ஆர். வாங்கியவர்களின் முறைப்பாடுகளில் முக்கால்வாசி இந்த ஒரு விஷயத்தில் தீரும்.

மூன்றாவது, ஷாங்க் எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது? கொலற் நீளத்தில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்காவது நிரம்ப வேண்டும். நுனியில் மட்டும் பிடித்தால் கொலற்றின் முன்வாய் சுருங்கி, பின்பக்கம் வெறுமையாக ஒடுங்கி, கூம்பாகிவிடும். ஷாங்க்கை முன்னரே யாரோ கட்டையாக வெட்டிவிட்டார்கள் என்றால், அதே விட்டமுள்ள ஒரு துண்டுக் கம்பியைக் கொலற்றின் பின்பக்கம் செருகிவிடலாம். லேசான வெட்டுக்கு அது உதவும்.

இவ்வளவும் சரி, இன்னும் இறங்குகிறது என்றால் ஷாங்க்கை மைக்குறோமீற்றரில் மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். முன்னுக்கு 12.00, நடுவில் 11.96, பின்னுக்கு 11.99 என்று வந்தால் யாரோ எமரி பிடித்திருக்கிறார்கள். அதை முரட்டு வேலைக்குப் பாவிக்க வேண்டாம்.

பக்கத்து ஸ்குரூ ஹோல்டரில் போட்டும் கழன்று வருகிறது

ஷாங்க்கில் தட்டையான வெட்டு இல்லாமல் ஸ்குரூவை உருண்டையின் மேல் இறுக்கினால் இப்படித்தான். கழன்று வராத நாளில் வேறு தலையிடி: ஸ்குரூ குத்திய இடத்தில் பிசிறு எழும்பி, கட்டர் ஹோல்டருக்குள் இறுகிப்போய் நிற்கும்.

தட்டை வெட்டுவது, ஷாங்க்கில் செய்யும் மாற்றங்களிலேயே பயமில்லாமல் கையால் செய்யக்கூடிய ஒன்று. காரணம், கட்டரின் நடுக்கோடு இதில் தங்கியிருக்கவில்லை. உருண்டையாக மிஞ்சிய பகுதிதான் ஹோல்டரில் உட்கார்கிறது. இப்படித் தட்டை வெட்டிய வெல்டன் வகை ஷாங்க்கின் அளவுகள் ஜேர்மன் டின் 1835 தரத்தில் இருக்கின்றன. 10 மி.மீ. ஷாங்க்கில் தட்டை 7 மி.மீ. நீளம், தட்டையிலிருந்து எதிர்ப்பக்கம் வரை 8.4. 12 மி.மீ. ஷாங்க்கில் நீளம் 8, மிச்சம் 10.4. 16 இல் 10, 14.2. அதாவது ஒன்றரை மி.மீ. அளவுதான் எடுக்கிறோம். 3 மி.மீ. தோண்டினால் அந்த இடத்திலேயே கட்டர் முறியும்.

ஷாங்க்கை ஹோல்டருக்குள் செருகி ஸ்குரூ வரும் இடத்தை மார்க்கரால் குறித்துக்கொண்டு, பிறகு வெளியே எடுத்து வி-பிளொக்கில் (வி வடிவக் காடி உள்ள கட்டையில்) வைத்து இறுக்குங்கள். மெதுவான ஷாங்க் என்றால் மில்லிங் மெசினிலேயே காபைட் கட்டரால் தட்டையாக்கலாம். கடினம் என்றால் கிறைண்டரில் தடித்த டிஸ்க் போட்டு, தொட்டுத் தொட்டு எடுங்கள். தட்டை வாலை நோக்கிச் சரிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சரிந்தால் ஸ்குரூவே கட்டரை வெளியே தள்ளும்.

கட்டர் ஆடுகிறது, காடி அளவை விட அகலமாக வருகிறது

10 மி.மீ. கட்டர் 10.1 மி.மீ. காடி வெட்டுகிறது, அல்லது எத்தனை பல் இருந்தாலும் ஒரு பல்லின் சத்தம் மட்டும் கேட்கிறது. இது ஷாங்க்கால் வந்ததா, கொலற்றாலா, ஸ்பிண்டிலாலா என்று பிரித்துப் பார்க்காமல் எதையும் மாற்றக் கூடாது.

கட்டரையும் கொலற்றையும் கழற்றிவிட்டு, நெம்பு வகை டயல் கேஜை ஸ்பிண்டிலின் உள்ரேப்பரில் வைத்துக் கையால் சுற்றுங்கள். 0.01 மி.மீ. அளவுக்குள் நின்றால் ஸ்பிண்டில் குற்றவாளி அல்ல. அதற்கு மேல் என்றால் முதலில் ரேப்பரைத் துடையுங்கள். ஒரு தூள் ஒட்டியிருந்தாலே ஊசி துள்ளும். அடுத்ததாகக் கொலற்றைப் பூட்டி, நம்பக்கூடிய ஒரு கம்பியைப் போடுங்கள். காபைட் ட்றில் ஒன்றைத் தலைகீழாகப் போட்டால் அதன் ஷாங்க் நல்ல அளவுகோல். மலிவான கொலற்றில் 0.02, 0.03 ஆட்டம் சாதாரணம். கடைசியாகக் கட்டரைப் போட்டு, பல் தொடங்குமுன் உள்ள ஷாங்க்கில் டயலை வையுங்கள்.

இப்போது முக்கியமான சோதனை. ஊசி அதிகம் ஏறுகிற இடத்தை ஸ்பிண்டிலிலும் கட்டரிலும் மார்க்கரால் குறியுங்கள். நட்டை இளக்கி, கட்டரை மட்டும் அரைச்சுற்றுத் திருப்பி இறுக்கி, மறுபடி சுற்றிப் பாருங்கள். மேடு ஸ்பிண்டிலின் குறியிலேயே நின்றால் பிழை கொலற்றில் அல்லது ஸ்பிண்டிலில். கட்டரின் குறியோடு சேர்ந்து நகர்ந்தால் பிழை கட்டரில். அந்தக் கட்டரில் ஏற்கெனவே ஒருவர் கைவைத்திருப்பார்.

0.03 தானே என்று விட முடியாது. இரண்டு பல் கட்டர் ஒன்றை, பல்லுக்கு 0.03 மி.மீ. வெட்டும்படி தள்ளுகிறீர்கள், டயலிலும் 0.03 ஆட்டம் என்றால் கணக்கு இப்படி: நீண்டு நிற்கும் பல் 0.06 வெட்டுகிறது, மற்றது வெட்டாமல் உரசிக்கொண்டு போகிறது. ஒரு பல் உடைகிறது, மற்றப் பல் உரசியே மொட்டையாகிறது. சின்னக் கட்டர்கள் காரணமில்லாமல் முறிகின்றன என்று சொல்கிற இடங்களில் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பட்டறையில் கடைந்து வாங்கிய பிறகு ஆடுகிறது

நம்மூர்க் கடைசல் பட்டறைக்காரரின் கைகளைக் குறை சொல்ல முடியாது. 1990 களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு உதிரிப்பாகமும் வராதபோது, தண்ணீர் இறைக்கும் மெசின்களை ஓட வைத்தவர்கள் அவர்கள்தான். ஆனால் பம்பு ஷாவ்ற்றும் லாண்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு மெசின்) புஷ்ஷும் கடைகிற வேலை வேறு, கட்டர் ஷாங்க் வேறு. மூன்று தாடைச் சக்கில் போட்டு இறக்கினால் பார்வைக்கு நேராகத்தான் இருக்கும். டயல் வைத்தால் 0.05, 0.1 என்று ஆடும். ஆகவே கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

"அண்ணை, இதை மூண்டு தாடையில பிடிக்காதேங்கோ. நாலு தாடையில போட்டு, முன்பக்கம் மிஞ்சிற ஷாங்கில டயல் வைச்சு நேராக்கிப்போட்டுக் கடையுங்கோ."

"தம்பி, உது ஹைஸ்பீட்டோ? எண்டால் என்ர ரூல் போயிடும்."

"அரம் போட்டுப் பாத்தனான், கடிக்குது. ஒட்டுக்குப் பின்னாலதான் கடையோணும்."

இந்த உரையாடலில் இருக்கும் விஷயம்தான் முழுச் செய்முறையும். பழைய ஷாங்க்கில் பல்லுக்குப் பக்கத்தில் 10 முதல் 15 மி.மீ. வரை தொடாமல் விடுங்கள். அதுதான் அளவுகோல். நாலு தாடைச் சக்கில் அந்த இடத்தை டயலில் 0.01 க்குள் கொண்டுவந்த பிறகுதான் பின்பக்கத்தை இறக்க வேண்டும். தாடைக்கும் கட்டருக்கும் நடுவில் மெல்லிய செப்புத் தகடு. பற்களைத் தாடை கடிக்க விடக் கூடாது.

கடினமான ஷாங்க் என்றால் லேத்தின் ரூல் போஸ்ற்றில் சின்ன டை கிறைண்டரைப் பூட்டித் தீட்டுவது ஒரு வழி. மி.மீ. இல் நூறில் ஒன்று இரண்டாக எடுத்துக்கொண்டு போக வேண்டும். அவசரப்பட்டால் சூட்டில் விட்டம் பெருத்து, ஆறிய பிறகு அளவு குறைந்து கிடக்கும். லேத்தின் பாதையை ஈரத் துணியால் மூடுங்கள். கல்லின் தூள் பாதையில் விழுந்தால் கட்டரை விட லேத்துக்குத்தான் சேதம்.

இறக்கிய இடம் தொடங்கும் மூலையைக் கூராக விடாதீர்கள். 1 மி.மீ. வளைவாவது இருக்கட்டும். கூரான மூலையில்தான் வெடிப்பு தொடங்கும்.

மாற்றிய கட்டர் அதிர்கிறது, அலறுகிறது

ஆட்டமில்லை, பிடியும் சரி, ஆனால் வெட்டும்போது வேலைத்துண்டின் முகத்தில் அலை அலையாகக் கோடு. இது கணக்கு விஷயம். உருண்டைக் கம்பியின் விறைப்பு விட்டத்தின் நாலாம் மடியில் போகிறது. 12 மி.மீ. ஷாங்க்கை 10 ஆக்கினால் அந்த இடத்தின் விறைப்பு ஏறத்தாழ அரைவாசி. 16 ஐ 12 ஆக்கினால் மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. வெளியே நீட்டி நிற்கும் நீளம் மூன்றாம் மடியில் வேலை செய்யும்: 30 மி.மீ. நீட்டியிருந்ததை 40 ஆக்கினால் வளைவு இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது.

ஆகவே முதல் மருந்து, கட்டரை எவ்வளவு உள்ளே தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுவது. இறக்கிய மெல்லிய பகுதி முழுவதும் கொலற்றுக்குள் மறைய வேண்டும். ஒரு விரல் அளவு கழுத்து வெளியே தெரிந்தால் அது அலறத்தான் செய்யும். அடுத்தது ஆழத்தைக் குறைப்பது. பெரிய முகக் கட்டரின் ஷாங்க்கைச் சின்னதாக்கி எக்ஸ்-2 இல் பூட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். ஷாங்க் நுழைந்தாலும் அந்த மெசினுக்கு அதைச் சுற்றும் வலு இல்லை. 20 மி.மீ. க்கு மேற்பட்ட ஷாங்க்கை வீட்டு மெசினுக்காக இறக்குவதை நான் வேண்டாம் என்றே சொல்வேன். விற்றுவிட்டு 12 இல் ஒன்று வாங்குங்கள்.

வாலில் புரி உள்ள பழைய கட்டர் சரியாக உட்காரவில்லை

இது கிளார்க்சன் ஓட்டோலொக் சக்குக்குச் செய்த கட்டர். வாலில் அங்குலத்துக்கு 20 புரி, நுனியில் ஒரு சென்ரர்த் துளை. ஈ.ஆர். கொலற்றின் பின்பக்கம் இந்தப் புரிமேல் வந்து விழுந்தால், புரியின் முகடுகள் கொலற்றின் உள்முகத்தில் கீறும், பிடியும் அரைகுறை. புரிக்கு முன்னால் உள்ள வழவழப்பான பகுதி கொலற்றை நிரப்பப் போதுமென்றால் புரியை வெட்டி எறியலாம். போதாது என்றால் விட்டுவிடுங்கள். புரியோடு பிடிப்பது, கட்டையாக்கிப் பிடிப்பதை விட மோசமில்லை. வெட்டினால் சென்ரர்த் துளையும் போகும் என்பதையும் யோசியுங்கள். தீட்டும் இடத்தில் அதைத்தான் பிடிமானமாக வைப்பார்கள்.

வெட்டுவது எப்படி? 1 மி.மீ. மெல்லிய டிஸ்க், கிறைண்டர். பற்களின் மேல் பழைய றப்பர்க் குழாய்த் துண்டைச் செருகி, ஷாங்க்கை வைஸில் செப்புத் தகட்டோடு இறுக்கி, சுற்றிச் சுற்றி வெட்டுங்கள். ஷாங்க் நீலமானால் பயப்பட வேண்டாம்; ஹைஸ்பீட் 550 பாகை வரை தாங்கும். வெட்டிய விளிம்பை 1 மி.மீ. சாய்வாகத் தேய்த்து வளைத்துவிடுங்கள். அந்தக் கூர்விளிம்புதான் கொலற்றை உள்ளே கிழிப்பது. மெசினின் தலை மேலே போக இடமில்லாதபோது நீளமான ட்றிலைக் கட்டையாக்குவதும் இதே முறை. காபைட்டை மட்டும் இப்படிச் செய்ய வேண்டாம்: வைர டிஸ்க், தொடர்ந்து தண்ணீர், முகமூடி. சூடேறிய காபைட்டில் திடீரென்று தண்ணீர் பட்டால் வெடிக்கும்.

மோர்ஸ் ரேப்பர் ஷாங்க் வேலை நடுவில் கழன்று விழுகிறது

இது ஆபத்தான குறி. மெசினை உடனே நிறுத்துங்கள். வாலில் தட்டையான நாக்கு உள்ள மோர்ஸ் ரேப்பர், துளை போடுவதற்குச் செய்தது. துளைக்கும்போது விசை மேல்நோக்கிப் போய் ரேப்பரை இறுக்கும். மில்லிங்கில் விசை பக்கவாட்டில், அதிர்வோடு வரும். ரேப்பர் இளகி, சுற்றிக்கொண்டிருக்கும் கட்டர் கையில் வந்து விழும். ட்றில் சக்கில் என்ட் மில் போட்டு மில்லிங் செய்கிறவர்களுக்கும் இதே கதை.

மேலிருந்து ட்றோபார் (ஸ்பிண்டிலின் நடுவால் இறங்கும் நீளத் திருகாணி) இழுத்துப் பிடிக்காத எதையும் மில்லிங்குக்குப் பாவிக்கக் கூடாது. நாக்கு உள்ள ஷாங்க்கை மாற்ற வேண்டுமென்றால் நாக்கை வெட்டி, முகத்தைச் சதுரமாக்கி, நடுவில் துளைத்துப் புரி போட வேண்டும். எம்.ரீ.2 க்கு வழக்கம் எம்.10, துளை 8.5 மி.மீ. எம்.ரீ.3 க்கு எம்.12, துளை 10.2. புரி 20 மி.மீ. ஆழமாவது இருக்கட்டும். அரம் வழுக்கினால், அது ஹைஸ்பீட் அல்லாத உருக்கு என்று பொறியில் உறுதிப்படுத்திய பிறகு, வால் நுனியை மட்டும் சிவக்கக் காய்ச்சி அடுப்புச் சாம்பலுக்குள் புதைத்து ஆறவிடுங்கள். ரேப்பர்ப் பகுதியில் ஈரத் துணி சுற்றியிருக்க வேண்டும்.

ட்றோபார் போட்டும் இளகினால் ரேப்பரில் மார்க்கரால் நீளவாக்கில் நாலு கோடு போட்டு, ஸ்பிண்டிலுக்குள் செருகி மெதுவாக ஒரு திருகு. எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் தொடுகிறது. வாய்ப்பக்கம் மட்டும் அழிந்தாலோ வால்பக்கம் மட்டும் அழிந்தாலோ அந்த ரேப்பர் உங்கள் ஸ்பிண்டிலுக்கு உரியதல்ல. எமரியால் சரிப்படுத்த முனைய வேண்டாம்.

ட்றோபார் இரண்டு சுற்றில் நின்றுவிடுகிறது

ஆர்-8 இல் மட்டும் வரும் குழப்பம். அசல் ஆர்-8 இன் புரி 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20. சீனத்து ஹோல்டர்கள் சிலவற்றில் எம்.12 புரி வரும். 7/16 என்பது 11.11 மி.மீ.; ஆகவே 7/16 ட்றோபார் எம்.12 துளைக்குள் தொளதொளவென்று போய் இரண்டு பிடி பிடிப்பதுபோல் காட்டும். ஸ்பனரால் இறுக்கினால் இரண்டு புரியும் போகும். மற்றப் புரிக்கு இன்னொரு ட்றோபார் கடைந்து வைப்பது ஒரு பின்னேர வேலை. ஹோல்டர் மேலே ஏறவே மறுத்தால் ஸ்பிண்டிலுக்குள் இருக்கும் சின்னப் பின், ஹோல்டரின் காடிக்கு நேரே நிற்கிறதா என்று ரோர்ச் அடித்துப் பாருங்கள்.

ஷாங்க் கொலற்றுக்குள் துருப்பிடித்து இறுகிவிட்டது

கடற்காற்று ஒரு காரணம். தண்ணீர் மற்றது. வலிகாமத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. கேத்தலின் அடியைப் பார்த்தாலே தெரியும். வெட்டும்போது ஊற்றும், தண்ணீரில் கரையும் எண்ணெயை அதில் கலந்தால் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். கீழே நிற்பது வெறும் தண்ணீர். அதுதான் கொலற்றின் பிளவுகளால் உள்ளே போய் ஷாங்க்கைத் தின்கிறது. மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்துக் கலந்தால் பால்போல் நிற்கும். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய்யை பிறஷ்ஷால் தடவினாலே போதும், தண்ணீரே தேவையில்லை; பக்கத்தில் நெருப்பு மட்டும் வைத்திருக்க வேண்டாம்.

இறுகியதை அடித்து எடுக்காதீர்கள். நட்டை இளக்கி, கொலற்றோடு கழற்றி, டீசலில் ஒரு இரவு ஊறவிட்டு, மரக்கட்டையின் மேல் வைத்து வாலில் பித்தளைக் கம்பியால் தட்டுங்கள். எடுத்த ஷாங்க்கில் செம்மண் நிறத்தில் பொட்டுப் பொட்டாக இருந்தால் எண்ணெய்க்கல்லால் தேய்த்து, அளந்து, பெட்டிக்குள் போடுமுன் மெல்லியதாக எண்ணெய் பூசுங்கள். அடுத்த முறை கொலற்றில் போடுமுன் அந்த எண்ணெயைத் துடைக்க வேண்டும். கடைந்தோ வெட்டியோ மாற்றிய கட்டர்களின் ஷாங்க்கில், கொலற் பிடிக்காத இடத்தில், சிவப்புப் பெயின்ற் ஒரு வளையம் போட்டு வைத்தால் வீட்டில் வேறு யாரும் அதை எடுத்து முழு ஆழத்தில் ஓட்ட மாட்டார்கள்.